கடைசி அறையில் பூத்த பூசணம்

போன வாரம் வேலாயியை ஜாசின் ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸுக்குக் காத்திருக்க விட்டுவிட்டு நாம் வந்துவிட்டோம். “உடம்பு சரியில்லாத பெண்ணை வெயிலில் நிறுத்திவிட்டுப் போனீர்களே, பஸ் வந்ததா இல்லையா?” என்று வாசகர்கள் மூன்று பேர் கோபமாகக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். வந்தது. ஒன்றரை மணி நேரம் கழித்து, கூரையில் கோழிக்கூடைகளோடு ஆடி ஆடி வந்தது.

வேலாயி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மடியில் ஒரு துணி மூட்டை. முந்தானை முடிச்சில் ஒரு காகிதம். செலண்டார் போய்ச் சேரும்வரை அந்த முடிச்சை எத்தனை தடவை தொட்டுப் பார்த்திருப்பாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

மலாயாவில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம் அது. ரப்பர் விலை படுத்துவிட்டது. தோட்டத்துக்கு ஆள் வேண்டாம் என்று வாரத்துக்கு ஒரு பட்டியல் போட்டுக் குடும்பம் குடும்பமாகக் கப்பல் ஏற்றித் தமிழ்நாட்டு ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நோயாளி என்றால் கேட்கவே வேண்டாம், முதல் பெயரே அதுதான்.

மூன்று மாதத்துக்கு முன்னால் வேலாயிக்கு இருமல் வந்தது. தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரஸர் ராமையா அவள் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, “சயரோகம் மாதிரி இருக்கு, தனியா வை” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வார்த்தைதான். மறுநாளே புருஷன் நாகமுத்துவும் ஏழு வயது மகள் ஜெயமணியும் நாலாம் நம்பர் வீட்டில், வேலாயி மட்டும் லயம் என்கிற கூலிவீட்டு வரிசையின் கடைசியில் ஆள் போய்க் காலியாகக் கிடந்த பன்னிரண்டாம் நம்பரில் என்றாகிவிட்டது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நாகமுத்துவின் அக்காள் பெரியநாயகி வந்து சேர்ந்தாள். கடைசி அறைக்குப் போன பிறகு இருமல் குறைந்ததா? கூடியது. மூச்சு இழுப்பும் சேர்ந்துகொண்டது. அதைப் பார்த்ததும் லயத்தில் ஒருவருக்கும் சந்தேகம் மிச்சம் இருக்கவில்லை. அப்படித்தான் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

பதினாறு நாள் இருந்தாள். இன்றைக்குக் காலையில் யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று காகிதத்தை நீட்டினார்.

“மூண்டு தரம் உன்ர சளியைப் பாத்தாச்சு. கிருமி ஒண்டும் இல்லை. உனக்குச் சயம் இல்லை, விளங்குதோ?”

“அப்ப எனக்கு என்ன சீக்குங்கய்யா?”

“அது எனக்கும் விளங்கேல்லை. இஞ்ச வந்த அஞ்சாம் நாளே உனக்கு இருமல் நிண்டிட்டுது. வீட்டை போ.”

வேலாயி அந்த இடத்திலேயே அழுதுவிட்டாள். டாக்டருக்கு அதுவும் விளங்கியிருக்காது.

செலண்டாரில் இறங்கித் தோட்டத்துக்குச் செம்மண் சடக்கில் இரண்டு மைல் நடை. கூட்டிப்போக யாரும் வரவில்லை. வருவார்கள் என்று அவள் எதிர்பார்க்கவும் இல்லை. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் பெயரை வெட்டிவிடுகிற காலம், மனுஷன் என்ன செய்வான்? இப்படித் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடந்தாள். சொல்லிக்கொண்டாள் என்றால், மனசுக்குள் எங்கேயோ எதிர்பார்த்தாள் என்றுதான் அர்த்தம்.

வழியெல்லாம் மூச்சு சீராக இருந்தது. மேடு ஏறும்போதுகூட இருமல் வரவில்லை. ‘பாருங்கடா, பாருங்க’ என்று பால்மரங்களிடம் சொல்லவேண்டும்போல இருந்தது. வேறு யாரிடம் சொல்வது?

லயத்தை அடைந்தபோது உச்சி வெயில். தண்ணீர்க் குழாயடியில் ஜெயமணி நின்றுகொண்டிருந்தாள்.

வேலாயியின் கால்கள் தாமாக ஓடின. குழந்தை இரண்டடி முன்னால் வந்தது. அப்புறம் ஏதோ நினைவு வந்ததுபோல நின்று, மூன்றடி பின்னால் போனது.

“ஜெயா! அம்மாடி, எனக்கு ஒண்ணும் இல்லடி. டாக்டரு எழுதியே குடுத்துட்டாரு.”

“அத்த சொல்லிச்சு, கிட்டப் போகக்கூடாதாம். எட்ட நின்னு பேசலாமாம்.”

குழந்தையின் தலையை வேலாயி பார்த்தாள். எப்போதும் இரட்டைப் பின்னல் போட்டு ரிப்பன் கட்டிவிடுவாள். இப்போது எண்ணெய் வழிய வழிய இழுத்துச் சீவி, முதுகுக்கு நடுவே கெட்டியாக ஒற்றைப் பின்னல் தொங்கியது. சுத்தமாக, அழகாகத்தான் இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

“ரெட்டப் பின்னல் போடலியா கண்ணு?”

“இதுதான் நல்லா இருக்கு. பள்ளிக்கூடத்துல அவுறாது.”

பெரியநாயகி நாலாம் நம்பர் வாசலுக்கு வந்தாள். உயரமான மனுஷி. கெட்டவள் என்று யாராவது சொன்னால் அது பாவம். காசநோயில் புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் அடுத்தடுத்துப் புதைத்துவிட்டு வந்தவள். மூன்றாவது பிள்ளையையும் பறிகொடுக்க மாட்டேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள், அந்தப் பிள்ளை தன் வயிற்றில் பிறக்காவிட்டாலும்.

“வந்துட்டியா வேலாயி. எளைச்சாப்புல தெரியல. நல்லதுதான்.”

“மதினி, சயம் இல்லன்னுட்டாங்க. மூணு தடவ பாத்துட்டாங்க. இந்தாங்க கடுதாசி.”

பெரியநாயகி கையை நீட்டவில்லை.

“எம் புருசனுக்கும் அப்படித்தான் சொன்னாங்கம்மா. மொதல்ல நல்லாயிருச்சும்பாங்க, அப்புறம் திருப்பிக்கும். நீ போய்ப் படு. சோறு கொண்டாந்து வெக்கிறேன்.”

சோறு வந்தது. கடைசி அறை வாசலில் கவிழ்த்து வைத்த மண்ணெண்ணெய்த் தகரத்தின்மேல் வந்தது. வேலாயிக்கென்று ஒதுக்கி வைத்த ஈயத்தட்டில் கருவாட்டுக் குழம்பு, அவளுக்குப் பிடித்ததுதான். வைத்துவிட்டுப் பெரியநாயகி நாலடி தள்ளிப் போய்க் குரல் கொடுத்தாள்.

வேலாயி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே திரும்பியவள், அப்படியே நின்றுவிட்டாள்.

அறை மாறியிருந்தது. முன்பு பலகைச் சுவரில் விரல் நுழையும் இடுக்குகள் இருந்தன. பின்பக்க மேட்டிலிருந்து ஈரமும் காற்றும் அந்த வழியாக வந்துகொண்டே இருக்கும். இப்போது நாலு சுவரிலும் தரையிலிருந்து கூரைவரை பத்திரிகைத் தாள் ஒட்டியிருந்தது. சின்ன ஜன்னலுக்குச் சாக்கு வைத்து ஆணி அடித்திருந்தது. கூரைத் தகரத்தில் ஓட்டை இருந்த இடத்தில்கூட எதையோ திணித்து அடைத்திருந்தார்கள்.

“எப்படி இருக்கு?”

நாகமுத்து பால் வெட்டு முடிந்து வந்திருந்தான். வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு கேட்டான். சட்டையெல்லாம் ரப்பர் பால் காய்ந்து கறுத்திருந்தது.

“நீங்களா செஞ்சீங்க?”

“பின்ன யாரு? பத்து நாள் ஆச்சு. ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி வீட்டுல பழைய பேப்பரு கேட்டு வாங்கினேன். கஞ்சி காய்ச்சிப் பசை பண்ணி, மூணு சாயங்காலம் ஒக்காந்து ஒட்டினேன். சளி ஒடம்புக்குக் காத்து ஆவாதுல்ல? ஒரு பொட்டுக் காத்து வராது இப்ப.”

படம் போட்ட தாள்களை மட்டும் சரியாக ஒட்டியிருந்தான். படம் இல்லாத தாள் நேராக இருக்கிறதா தலைகீழாக இருக்கிறதா என்று அவனுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவளுக்கென்று அவன் உட்கார்ந்து செய்த காரியம் இது ஒன்றுதான். வேலாயி ஒரு தாளைத் தடவிப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“ஏங்க, எனக்குச் சயம் இல்லயாம்.”

நாகமுத்து அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான். “அக்கா சொல்லிச்சு.”

“கடுதாசி இருக்கு. டிரஸரய்யா படிச்சாருன்னா நான் வீட்டுக்கு வந்துரலாமுல்ல?”

“நாலு மணிக்கு வருவாரு. பாக்கலாம். சாப்பிட்டுட்டுப் படு.”

புல் வெட்ட மறுபடியும் போகவேண்டும் என்று கிளம்பிவிட்டான். எதையோ சொல்ல வந்து சொல்லாமல் போகிறவன் நடைபோல இருந்தது அவன் நடை. களைப்பாக இருக்கும் என்று வேலாயி நினைத்துக்கொண்டாள்.

அவள் சாப்பிட்டாள். பாயை விரித்துப் படுத்தாள். ஆஸ்பத்திரி வார்டில் இரண்டு பக்கமும் கதவில்லாத பெரிய ஜன்னல்கள். மழை பெய்தால் சாரல் கட்டில்மேல் அடிக்கும், பக்கத்துக் கட்டில் மலாய்க் கிழவி சிரிப்பாள். ஒரு வார்த்தை பேச்சு புரியாது. ஆனாலும் அங்கே மனித முகம் இருந்தது. இங்கே சோப்பு விளம்பரத்துப் பெண் ஒருத்தி சுவரில் சிரித்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

அரைத் தூக்கத்தில் நெஞ்சு இறுகியது.

முதலில் கனவென்று நினைத்தாள். எழுந்து உட்கார்ந்தாள். உள்ளே யாரோ கயிற்றைச் சுற்றி இழுப்பதுபோல இருந்தது. மூச்சு விடும்போது விசில் சத்தம். அப்புறம் இருமல் வந்தது. பழைய இருமல். பன்னிரண்டு நாளாக எங்கே போயிருந்ததோ, வழி தவறாமல் வந்துவிட்டது.

வேலாயி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். பெரியநாயகி சொன்னது சரிதானா? நல்லாயிருந்து திருப்பிக்கொண்டதா? இன்னும் சற்று நேரத்தில் ராமையா வருவார். இப்படி இருமினால் காகிதத்தை யார் பார்ப்பார்கள்? பட்டியலில் பெயர் ஏறும். ஜெயமணி இந்தக் கரையில், அவள் அந்தக் கரையில். ஒற்றைப் பின்னலோடு அந்தப் பிள்ளை பெரிய மனுஷியாகிவிடும், முகம்கூட மறந்துபோகும்.

உள்ளே இருக்க முடியவில்லை. எழுந்து வெளியே வந்தாள். லயத்தைத் தாண்டி, பால்மர வரிசை ஆரம்பிக்கும் இடத்தில் வெட்டிப் போட்ட ஒரு மரத்துண்டின்மேல் உட்கார்ந்தாள். இருமல் யார் காதிலும் விழாத தூரம். அழுதுகொண்டே இருமினாள், இருமிக்கொண்டே அழுதாள். அந்த நேரத்தில் தோட்டத்தில் அவளைத் தேட ஆள் இல்லை.

கொஞ்சம் கொஞ்சமாக இருமல் குறைந்தது. விசில் சத்தம் அடங்கியது. நிழல் மரத்துக்கு மரம் நீண்டுகொண்டிருந்தது. ராமையா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தபோது அவள் மூச்சு ஓரளவு நிதானத்துக்கு வந்திருந்தது.

“யாரு, நாகமுத்து சம்சாரமா? இங்க என்ன பண்ற?”

“காத்தாட உக்காந்தேங்கய்யா. ஆஸ்பத்திரி கடுதாசி.”

ராமையா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார். இரண்டு தடவை படித்தார்.

“சளியில கிருமி இல்லன்னுதான் போட்டிருக்கு.”

“அப்ப நான் எம் புள்ளகிட்டப் போலாமுங்களாய்யா?”

“இரும்மா, அவசரப்படாதலா. இப்ப இருமல் இருக்கா?”

“இல்லீங்க.” பொய்தான். ஆனால் அந்த நிமிஷத்துக்கு அது மெய்யாகவும் இருந்தது.

ராமையா அவள் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்க்கவில்லை. கடுதாசியை மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். “சரி, உடம்பப் பாத்துக்க” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார். இவ்வளவு சுலபமாக முடிந்துவிடும் என்று வேலாயி நினைக்கவே இல்லை. கடவுள் கண் திறந்தார் என்று மாரியம்மன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

சந்தோஷத்தோடு அறைக்குத் திரும்பினாள். பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நாலாம் நம்பருக்குப் போய்விடலாம் என்று குனிந்தாள். அப்போது நெஞ்சு மறுபடியும் இறுகியது.

வேலாயி பாயைக் கீழே போட்டாள். வாசலுக்கு வெளியே வந்தாள். நின்றாள். மூச்சு வந்தது. உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் விசில் கேட்டது. வெளியே வந்தாள். இப்படி மூன்று தடவை போய் வந்தாள். யாராவது பார்த்திருந்தால் பைத்தியம் என்று சொல்லியிருப்பார்கள்.

நாலாவது தடவை உள்ளே போனவள் இருமவில்லை, மோந்து பார்த்தாள்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். இருமல் வருவதற்கு முன்னால் வேலாயி தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் வேலை பார்த்தவள். ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோட்டுக் காயவைத்து அடுக்குவார்கள். சரியாகக் காயாத ஷீட்டில், காற்றுப் படாமல் அடுக்கிய ஷீட்டில், பூசணம் பூத்துவிடும். பூத்த ஷீட்டை வெள்ளைக்காரன் தொடமாட்டான். தேங்காய்நார் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தேய்த்து உதறவேண்டும். அதுதான் அவள் வேலை. மூன்று வருஷம் செய்தாள். கட்டைப் பிரிக்காமலே, மோந்து பார்த்தே, மேற்பார்வைக்காரரிடம் “கண்டக்டரய்யா, இது நடுவுல பூத்திருக்கு” என்று சொல்லுவாள். பிரித்துப் பார்த்தால் பூத்துத்தான் இருக்கும். அவளுக்கு இருமல் தொடங்கியதும் அங்கேதான். கூட வேலை பார்த்த மாரியம்மாளுக்கும் இருமல் இருந்தது. வாரமெல்லாம் இருமுவாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் பாட்டுப் பாடுவாள். ஸ்டோருக்கும் சீக்குக்கும் முடிச்சுப் போட அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

இப்போது அந்த வாசனை அவள் வீட்டுச் சுவரில் இருந்தது. காகித வாசனைக்கும் பசை வாசனைக்கும் அடியில், மங்கலாக, மக்கலாக.

மேட்டுப்பக்கச் சுவரில் ஒரு தாள் வயிறு வைத்ததுபோல உப்பியிருந்தது. வேலாயி அதன் ஓரத்தை நகத்தால் நெம்பினாள். ஒரு சாண் அகலம் உரிந்து வந்தது. பின்னால் பலகை தெரியவில்லை. சாம்பலும் பச்சையும் கறுப்புமாக மெத்தைபோலப் பூசணம் படர்ந்திருந்தது. கஞ்சிப் பசை தடவிய கோடு கோடாக, அவன் கை போன வழியெல்லாம் பூத்திருந்தது. முன்பே பூசணம் பிடித்திருந்த ஈரப் பலகைக்கு அவன் சோறும் ஊட்டி, காற்றுப் படாமல் போர்த்தியும் விட்டிருக்கிறான்.

“சீக்கு எனக்கு இல்ல” என்று வேலாயி வாய்விட்டே சொன்னாள். “சீக்கு இந்தச் சொவத்துக்கு.”

கேட்க யாரும் இல்லை. இருந்தாலும் இன்னொரு தடவை சொன்னாள்.

நாகமுத்து ஐந்தரைக்கு வந்தான். வெளிச்சம் இன்னும் நன்றாக இருந்தது. வேலாயி வாசலுக்கு வெளியே நின்று அவனைக் கூப்பிட்டாள்.

“இங்க வாங்க. உள்ள வாங்க, ஒண்ணும் ஒட்டிக்காது.”

அவன் வாசற்படியில் காலை வைத்து நின்றான். கிழிந்த தாள் முதலில் கண்ணில் பட்டது.

“என்ன புள்ள, கிழிச்சுட்டியா?”

“பாருங்க. பூசணம். ஸ்டோர்ல ஷீட்டுல வருமே, அதே பூசணம். உள்ள வந்தா இருமல் வருது, வெளிய போனா நிக்குது. ஆஸ்பத்திரில நின்னுச்சே, ஏன்? அங்க காத்து அடிச்சுக்கிட்டே இருக்கும். எனக்கு இதாங்க சீக்கு.”

“சும்மா இரு. பூசணத்துல யாருக்காச்சும் நெஞ்சு இழுக்குமா? பலாப்பழத்துல பூக்குது, செருப்புல பூக்குது. மழைக்காலத்துல எல்லார் வீட்லயும் பூக்குது.”

“எல்லார் வீட்லயும் இடுக்கு இருக்கு. நீங்க இதை அடைச்சுட்டீங்க.”

அவன் முகம் சுருங்கியது. “மூணு நாளு ராத்திரிச் சோறு திங்காம ஒக்காந்து ஒட்டினது இதுக்குத்தானா? நான் செஞ்சது தப்புங்கிறியா?”

“தப்புன்னு சொல்லல. நீங்க செஞ்சதை நெனச்சு மத்தியானம் அழுதேன். ஆனா இதைக் கிழிக்காம இருந்தா செத்துப்போயிருவேன்.”

இதைச் சொல்லிவிட்டு அவள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு உள்ளே போனாள். சோப்பு விளம்பரத்துப் பெண்ணின் தலைமாட்டில் கையைக் கொடுத்து இழுத்தாள். தாள் நீளமாக, ஈரமாக, சத்தமில்லாமல் உரிந்து வந்தது. அடுத்த தாள். அதற்கடுத்தது. தூசு எழுந்தது. இருமிக்கொண்டே இழுத்தாள். ஜன்னல் சாக்கை ஆணியோடு பிடுங்கினாள். வெளியே ஓடிவந்து சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

ஜன்னல் வழியாக வந்த வெயில் எதிர்ச் சுவரில் விழுந்தது. நாகமுத்து உள்ளே போனான். மூன்று மாதத்தில் அவள் கண்ணெதிரே அவன் அந்த அறைக்குள் கால் வைத்தது இதுதான் முதல் தடவை. பலகையில் விரலை வைத்து இழுத்தான். விரல் நுனியில் பச்சையாக ஒட்டிக்கொண்டு வந்ததை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே வந்தபோது அவனும் இரண்டு தடவை இருமினான்.

“இப்ப நம்பறீங்களா?” வேலாயி கேட்டாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. மூச்சுத் திணறலோடு சிரித்தாள். “டிரஸரய்யாவும் ஒண்ணும் சொல்லல. நான் நம்ம வீட்டுக்கு வந்துர்றேங்க. மதினிக்கு நீங்க எடுத்துச் சொல்லுங்க.”

நாகமுத்து குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். விரலை மண்ணில் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

“பேரு குடுத்துட்டேன் வேலாயி.”

“என்ன பேரு?”

“ஆபீஸ்ல. நீ ஆஸ்பத்திரிக்குப் போன மூணாம் நாளு. கிராணி எழுதினாரு, நான் கைநாட்டு வெச்சேன். இருபத்தொண்ணாந் தேதி கப்பல். இன்னும் பதினொரு நாளு.”

அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் தப்பாகத்தான் புரிந்தது. “அட, ஊருக்கா? நாம எல்லாருமா? இதை ஏன் மத்தியானமே சொல்லல? போலாம், என்ன இப்ப? ஜெயாவுக்கு மட்டும் ஒரு கம்பளி…”

“ஒரு டிக்கெட்டுத்தான்.”

பால்மர வரிசையில் யாரோ வாளியைத் தட்டும் சத்தம் கேட்டது.

“அக்கா ராத்திரியெல்லாம் அழுதுச்சு. புள்ளைக்கு ஒட்டிக்கும், ஒட்டிக்கும்னுச்சு. டிரஸரும் அதான் நல்லதுன்னாரு. ஆஸ்பத்திரில இப்படிச் சொல்லுவாங்கன்னு நான் கண்டனா? ஊர்ல ஒங்க அண்ணன் இருக்காருன்னு…” அவன் கிழிந்த தாளைப் பார்த்தான். “போறவரைக்குமாச்சும் ஒனக்குக் காத்து படாம இருக்கட்டும்னுதான் ஒட்டினேன்.”

ராமையா ஏன் குழாயை எடுக்கவே இல்லை என்று வேலாயிக்கு விளங்கியது. அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. எல்லாரும் கூடிப் பேசி, முடிவெடுத்து, கைநாட்டும் வைத்த பிறகு, அவள் ஒருத்தி மட்டும் பஸ் ஏறி, முடிச்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

“அழிக்கச் சொல்லுங்க.”

“எழுதினது மேல போயிருச்சு. துரை கையெழுத்துப் போட்டுட்டாரு.”

“நாளைக்கு ஆபீஸுக்குப் போங்க. நானும் வர்றேன்.”

அவன் மறுபடியும் விரலை மண்ணில் தேய்த்தான்.

வேலாயி நடந்தாள். பதினொன்று, பத்து, ஒன்பது. பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஆள் இருந்த வீடுகளில் அவள் வருவதைப் பார்த்துப் பெண்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். நாலாம் நம்பர் வாசலில் வந்து நின்றாள். ஒன்பது வருஷம் அவள் கோலம் போட்ட வாசல். வெளிக்காற்றில் நெஞ்சு லேசாகிக்கொண்டு வந்தது.

பெரியநாயகி கதவுச் சட்டத்தில் கையை ஊன்றி வழியை மறித்து நின்றாள்.

“மதினி, வழி விடுங்க.”

“நான் உசிரோட இருக்கிறவரைக்கும் விடமாட்டேன் தாயி. என்னத் திட்டிக்க.” அவள் கண்ணிலும் நீர் நின்றது. கை மட்டும் இறங்கவில்லை.

அந்தக் கைக்கு அடியில், உள்ளே, தட்டு முன்னால் உட்கார்ந்திருந்த ஜெயமணியின் முதுகு தெரிந்தது.

“அத்த, யாரு வந்திருக்கா?” குழந்தை திரும்பாமலே கேட்டது.

“யாரும் இல்ல. நீ சாப்பிடு.”

“நான்தான் ஜெயா. அம்மா வந்திருக்கேன்.” குரல் பிசிறில்லாமல், இருமல் இல்லாமல், கணீரென்று வந்தது.

குழந்தையின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. ஆனால் அது திரும்பிப் பார்க்கவில்லை. அத்தையைத்தான் நிமிர்ந்து பார்த்தது, திரும்பலாமா என்று கேட்பதுபோல.